தந்தையின் சொத்தும் மகள்களின் கையொப்பமும்: "மனமுவந்து விட்டுக்கொடுத்தல்" என்பதற்கு இஸ்லாத்தில் என்ன பொருள்?

கேள்வி: இளைய மகள்

அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்கள் வாப்பா வஃபாத்தாகி ஐந்து மாதங்கள் ஆகின்றன. உம்மா, இரண்டு அண்ணன்மார், இரண்டு அக்காமார், நான் என ஆறு பேர் வாரிசுகளாக இருக்கிறோம். வாப்பாவின் பெற்றோர் முன்பே இறந்துவிட்டார்கள். சென்ற வாரம் அண்ணன்மார் இருவரும் ஒரு விடுதலைப் பத்திரத்தைத் தயாரித்துக் கொண்டுவந்து, சகோதரிகள் மூவரும் அதில் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் பெயர்களுக்கு நேரே பென்சிலால் சிறிய பெருக்கல் குறிகள் போடப்பட்டிருந்தன. "எங்கள் பாகத்தை யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி மனமுவந்து விட்டுக்கொடுக்கிறோம்" என்ற வரி அதில் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே என் மனம் உவந்துவிட்டதாக எழுதிவிட்டார்களே என்பதுதான் என்னை முதலில் உறுத்தியது.

பெரிய அக்கா எதையும் படிக்காமல் கையொப்பமிட்டுவிட்டு, உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாவது அக்கா, பெரியவர் போட்டபின் தான் போடாமல் இருப்பது சரியில்லை என்று போட்டார். நான் மட்டும் இரண்டு நாள் அவகாசம் கேட்டு வந்திருக்கிறேன்.

அண்ணன்மார் சொல்லும் காரணங்கள் இவை: எங்கள் மூவரின் திருமணத்திற்கும் வாப்பா நிறையச் செலவு செய்து நகையும் போட்டுவிட்டார், "வீடு மகன்களுக்கு" என்று அவர் உயிரோடு இருக்கும்போதே வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார், அவருடைய வியாபாரத்தைக் கட்டிக் காத்ததும் நோயில் பார்த்துக்கொண்டதும் அவர்கள்தாம். இவற்றில் எதையும் நான் பொய் என்று சொல்லமாட்டேன். உம்மா என்னைத் தனியே அழைத்து, "பாகத்தை வாங்கிக்கொண்டு போனவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடும், உனக்கு ஒரு கஷ்டம் வந்தால் யார் வந்து நிற்பார்கள்?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எனக்குப் பணத் தேவை இல்லை. அதுவே என் குழப்பத்தையும் கூட்டுகிறது. தேவையில்லாதவள் கேட்பது பேராசையா? உறவைக் காப்பதற்காகக் கையொப்பமிட்டுவிட்டால் அது அல்லாஹ்விடம் நன்மையாக எழுதப்படுமா, அல்லது அவன் விதித்த ஒன்றை நான் என் கையாலேயே மீறியவளாவேனா? மார்க்க அறிவுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஃபராயிள் மாணவன்

வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹ்.

உங்கள் தந்தையின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஃபராயிள் எனப்படும் வாரிசுரிமைச் சட்டத்தைச் சில ஆண்டுகள் முறையாக ஓதியவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஆவணங்களைக் காட்டி, நீங்கள் நம்பும் ஓர் ஆலிமிடம் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனெனில் எவ்வளவு என்று தெரியாத ஒன்றை யாரும் மனமுவந்து கொடுக்க முடியாது. இறந்தவரின் சொத்திலிருந்து முதலில் ஜனாஸாச் (இறுதிச் சடங்குச்) செலவும், அடுத்து அவருடைய கடன்களும், அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத்தும் (மரண சாசனமும்) கழிக்கப்பட வேண்டும். எஞ்சியதுதான் வாரிசுகளுக்குரியது. குர்ஆனின் 4ஆவது அத்தியாயமான அந்நிஸாவின் 11, 12ஆம் வசனங்களின்படி, பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியை ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். உங்கள் குடும்பத்தில் இந்தக் கணக்கு பின்னமே இல்லாமல் அமைகிறது. சொத்தை எட்டுப் பாகமாக்கினால் உம்மாவுக்கு 1, அண்ணன்மாருக்கு ஆளுக்கு 2, சகோதரிகளுக்கு ஆளுக்கு 1. உங்கள் உம்மாவின் பாகமும் உங்கள் பாகமும் சமம். நீங்கள் எழுதியதிலிருந்து அந்தப் பத்திரத்தில் உம்மாவின் பாகத்தைப் பற்றி ஏதேனும் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதையும் கேட்டுப் பாருங்கள். அவருடைய மஹர் (திருமணத்தின்போது மனைவிக்குத் தர கணவர் ஒப்புக்கொண்ட பொருள்) இதுவரை கொடுபடாமல் இருந்தால், அது உங்கள் தந்தையின் மீதுள்ள கடன். எட்டில் ஒன்று என்பது அந்தக் கடன் தீர்ந்தபின் வருவது. மஹருக்குப் பதிலாக வருவதன்று. பல குடும்பங்களில் இது நினைவுக்கே வருவதில்லை.

இந்தப் பங்குகளை அல்லாஹ் எந்தச் சூழலில் விதித்தான் என்பதை நினைவுகூர்வது உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பயன்படும். அறியாமைக் காலத்து அரபியரிடம், குதிரையேறிப் போரிட வல்ல ஆண்களே சொத்துக்கு உரியவர்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஒன்றுமில்லை. ஹிஜ்ரி 3இல், அதாவது கி.பி. 625இல் நடந்த உஹுதுப் போரில் ஸஅத் பின் ரபீஉ (ரலி) ஷஹீதானார். அவருடைய சகோதரர் பழைய வழக்கப்படி சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஸஅதின் மனைவி தம் இரண்டு மகள்களையும் நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்து, இவர்களுடைய தந்தை உங்களோடு வந்து உயிர் நீத்தார், இவர்களுடைய சிறிய தந்தை அனைத்தையும் எடுத்துக்கொண்டார், செல்வம் இல்லாமல் இவர்களுக்குத் திருமணம் எப்படி நடக்கும் என்று முறையிட்டார். அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்று நபியவர்கள் காத்திருந்தார்கள். பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. உடனே அந்தச் சகோதரரை அழைத்து, இரண்டு மகள்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியது உமக்கு என்று கட்டளையிட்டார்கள். 24 பாகங்களில் பெண்கள் மூவருக்கும் 19, அதுவரை எல்லாவற்றையும் வைத்திருந்தவருக்கு 5. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இருக்கிறது.

சகோதரி, அந்தத் தாய் வாய் திறந்து கேட்டதை நபியவர்கள் பேராசை என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே அத்தியாயத்தின் 7ஆம் வசனம், பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் பெண்களுக்கும் பங்குண்டு, அது குறைவாக இருந்தாலும் அதிகமாக இருந்தாலும் சரியே என்று கூறி, "விதிக்கப்பட்ட பங்கு" என்று முடிகிறது. தேவையுள்ள பெண்ணுக்கு மட்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

இனி அண்ணன்மாரின் காரணங்களைப் பார்ப்போம். திருமணத்தின்போது தந்தை கொடுத்தது, அவர் உயிரோடிருக்கையில் தம் பொருளிலிருந்து கொடுத்த அன்பளிப்பு. வாரிசுரிமை என்பது அவர் இறந்த நொடியில்தான் பிறக்கிறது. அதற்கு முன் இல்லாத ஒன்றை யாரும் முன்பணமாகப் பெற்றிருக்க இயலாது. வாய்மொழியாக "வீடு மகன்களுக்கு" என்று சொன்னது தம் மறைவுக்குப் பின்னர் என்ற பொருளில் இருந்தால் அது வஸிய்யத். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி, மற்ற வாரிசுகள் தாமாக ஒப்புக்கொண்டாலன்றி அது செல்லாது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. உயிரோடிருக்கும்போதே கொடுத்தது என்றால் அதை அவர்கள் கைவசம் ஒப்படைத்திருக்க வேண்டும். கடைசி நாள்வரை அந்த வீடு அவர் வசமே இருந்திருந்தால் ஒப்படைப்பு நிகழவில்லை. மேலும், உயிரோடிருக்கையில் கொடுப்பதிலும் பிள்ளைகளிடையே நீதி வேண்டும். நுஃமான் பின் பஷீருக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்பை வழங்கியபோது, நபியவர்களைச் சாட்சியாக்காமல் இதை ஏற்கமாட்டேன் என்று நின்றவர் நுஃமானின் தாய் அம்ரா பின்த் ரவாஹா. நபியவர்கள் கேட்டது ஒரே கேள்வி: உம் பிள்ளைகள் எல்லோருக்கும் இதுபோல் கொடுத்தீரா? இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சி உங்கள் பிள்ளைகளிடையே நீதியாக நடந்துகொள்ளுங்கள் என்றார்கள்.

வியாபாரத்தில் உழைத்தோம் என்ற காரணத்தை மட்டும் நான் இலேசாகத் தள்ளமாட்டேன். கூலியோ பங்கோ பேசிக்கொண்டு உழைத்து, அது அவர்களுக்கு வந்து சேராமல் இருந்தால், அதைக் கடனாக முன்வைத்து, பாகம் பிரிப்பதற்கு முன்பே பெற்றுக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அதை நீங்களும் முழு மனத்தோடு ஏற்க வேண்டும். ஆனால் அதற்குத் தனியாக ஒரு கணக்கு எழுத வேண்டுமே தவிர, அதைக் காட்டிச் சகோதரிகளின் பாகத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ள வழியில்லை. நோயில் பார்த்துக்கொண்டதற்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது.

உங்கள் மையக் கேள்வி விட்டுக்கொடுத்தல் செல்லுமா என்பது. தந்தை இறந்தவுடன் உங்கள் பாகம் நீங்கள் கேட்காமலேயே, ஏற்காமலேயே உங்கள் உடைமையாகிவிட்டது. எனவே "எனக்கு வேண்டாம்" என்ற சொல்லால் மட்டும் அது மறைந்துவிடாது. உடைமை வெறும் கைவிடுதலால் நீங்காது என்று ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பள்ளியின்) அறிஞர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். வேண்டுமானால் நீங்கள் அதை அன்பளிப்பாக வழங்கலாம். பிரிக்கக்கூடிய சொத்தைப் பிரிக்காமலேயே அன்பளிப்பாகக் கொடுத்தால் செல்லாது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. செல்லும், ஆனால் கைவசம் ஒப்படைத்தால்தான் நிறைவடையும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு பாகத்திலிருந்து விலகும் "தகாருஜ்" என்ற சமரச முறையும் உண்டு. இவை அனைத்திலும் கொடுப்பவரின் உண்மையான இசைவே அடிப்படை. மஹரைப் பற்றிப் பேசும் 4:4ஆம் வசனம், பெண்கள் அதில் எதையேனும் "மனம் விரும்பி" விட்டுத்தந்தால் உண்ணுங்கள் என்கிறது. வாய் சொன்னால் என்றோ, கை எழுதினால் என்றோ அது சொல்லவில்லை.

கடைசியாக ஒரு நபிமொழி. உம்மு ஸலமா (ரலி) அறிவித்து அபூதாவூதில் பதிவாகியுள்ளது. சாட்சியம் ஏதுமில்லாத ஒரு வாரிசுச் சொத்துக்காக இருவர் வழக்கிட்டு வந்தார்கள். உங்களில் ஒருவருக்கு அவருடைய சகோதரரின் உரிமையை நான் தீர்ப்பாக அளித்துவிட்டால், அவருக்கு நெருப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தவனாவேன் என்று நபியவர்கள் சொன்னதைக் கேட்டு இருவரும் அழுது, என் உரிமை உனக்கே என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். அந்தக் கண்ணீரோடு அவர்களை அனுப்பிவிடாமல் நபியவர்கள் மேலும் சொன்னார்கள்: நீங்கள் இந்த மனநிலைக்கு வந்துவிட்டதால், இப்போது நியாயத்தை நாடிப் பிரித்துக்கொள்ளுங்கள், சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், அதன்பிறகு ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளுங்கள். பிரித்தல் முன்னே, மன்னித்தல் பின்னே. உங்கள் வீட்டில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

மறுமொழி: ஓர் அண்ணன்

இந்தக் கேள்வியைப் படித்தபின் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. நான் அந்தப் பத்திரத்தின் மறுபக்கத்தில் இருந்தவன்.

எங்கள் தந்தை இறந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. தங்கை ஒருத்தி. ஒரு துண்டு நிலமும் வாடகைக்கு விட்ட இரண்டு அறைகளும் இருந்தன. நான் பத்திரம்கூடத் தயாரிக்கவில்லை. உணவு உண்டு முடித்த நேரத்தில், "இதெல்லாம் நானே பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். அவள் "சரி அண்ணா" என்றாள். தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது தற்செயல் அன்று என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பது ஆண்டுகள் அந்தச் "சரி அண்ணா"வை ஆதாரமாக வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். ஐவேளைத் தொழுகை உண்டு, ஜகாத் உண்டு, வட்டியின் பக்கம் போனதில்லை. ஒரு ரமளான் இரவில் இமாம் அந்நிஸா அத்தியாயத்தை ஓதினார். அப்போது நான் குர்ஆனை மொழிபெயர்ப்போடு படிக்கத் தொடங்கியிருந்த காலம். பாகங்களைச் சொல்லும் வசனங்கள் வருகின்றன என்பது எனக்குப் புரிந்தது. அவை முடிந்தவுடன், இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்றும், அவற்றை மீறுபவனுக்கு நெருப்பும் இழிவான வேதனையும் உண்டு என்றும் 13, 14ஆம் வசனங்கள் வந்தன. தொழுகையைப் பற்றிய வசனத்தைத் தொடர்ந்து வந்த எச்சரிக்கை அன்று அது. சொத்தைப் பங்கிடும் கணக்கைத் தொடர்ந்து வந்தது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவனின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற நபிமொழியை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அடுத்தவர் நிலத்தில் வேலி போடுபவனைப் பற்றியது என்றே ஒவ்வொரு முறையும் எண்ணியிருக்கிறேன். தங்கை எனக்கு அடுத்தவள் என்று தோன்றியதே இல்லை. என் தவறின் வேர் அதுதான்.

பெருநாள் முடிந்ததும் நிலத்தை அளக்க ஆள் வைத்தேன். ஒன்பது ஆண்டு வாடகையையும் மாதவாரியாக எழுதி, அவளுடைய பங்கைக் கணக்கிட்டேன். அந்தத் தாளோடு போனபோது, "இதற்கா அண்ணா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?" என்றுதான் அவள் கேட்டாள். ஆனால் தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரலை வைத்துப் படித்தாள். ஒன்பது ஆண்டுகளாக அவள் அந்தக் கணக்கை அறிய விரும்பியிருக்கிறாள் என்பது அந்த விரல் நகர்ந்த வேகத்தில் எனக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து என் மூத்த மகனின் படிப்புக்கென்று அவளாகவே ஒரு தொகையை அனுப்பினாள். நான் கேட்கவில்லை. அதை வாங்கும்போது என் கை நடுங்கவில்லை.

சகோதரி, உங்கள் அண்ணன்மார் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப் போலவே, வீட்டில் எழும் மௌனத்தைச் சம்மதம் என்று படித்துப் பழகியவர்களாக இருக்கலாம். நீங்கள் கையொப்பமிட்டால் அவர்களுக்கு உதவி செய்ததாக நினைப்பீர்கள். மறுமையில் அவர்கள் கழுத்தில் ஏறப்போகும் சுமைக்கு அது உதவாது.

மறுமொழி: அமைதி நாடுபவன்

மேலே சொன்ன சட்டங்கள் சரிதான். ஆயினும் உறவை முறிப்பவன் சுவர்க்கம் புகமாட்டான் என்பதும் நபிமொழியே. பெண்ணுக்குப் பாதிப் பங்குதான். அவளுடைய செலவைக் கணவன் ஏற்றுக்கொள்கிறான். பாகத்தைக் கேட்டு வீட்டை இரண்டாக்குவதைவிட, உம்மாவின் மனம் குளிர விட்டுக்கொடுத்து, கூலியை அல்லாஹ்விடம் எதிர்பார்ப்பதே ஸாலிஹான (நல்லொழுக்கமுள்ள) பெண்ணுக்கு அழகு என்பது என் தாழ்மையான கருத்து.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை

அமைதி நாடும் சகோதரர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். நானும் நல்லெண்ணத்தோடு மறுக்கிறேன். முப்பதாண்டுகள் பெண்பிள்ளைகளுக்கு மார்க்கக் கல்வி போதித்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுத அனுமதி தாருங்கள்.

உறவை முறிப்பவர் யார்? உரியவளுக்கு உரியதைக் கொடுக்காதவரா, கொடுங்கள் என்று கேட்பவளா? அந்நிஸா அத்தியாயத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். அல்லாஹ்வை அஞ்சுங்கள், இரத்த உறவுகளையும் பேணுங்கள் என்று அது கூறுகிறது. அதைத் தொடர்ந்துதான் அநாதைகளின் சொத்து, மஹர், வாரிசுப் பாகம் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. உறவைப் பேணுவதன் உருவமே அவரவர் பொருளை அவரவரிடம் சேர்ப்பதுதான் என்று அந்த அமைப்பு எனக்குச் சொல்கிறது. உறவின் பெயரால் பாகத்தை நிறுத்தி வைப்பது அந்த வசனங்களின் ஓட்டத்திற்கே எதிரானது.

அடுத்து, "பாதிப் பங்குதான்" என்ற சொல். மகனுக்கும் மகளுக்கும் இடையில் இரண்டுக்கு ஒன்று என்பது உண்மை. அதற்கு எதிரே ஆணின் மீது மஹர், மனைவி மக்களின் வாழ்க்கைச் செலவு, ஆதரவற்ற உறவினரைத் தாங்கும் கடமை ஆகியவை சுமத்தப்பட்டுள்ளன. பெண்ணின் செல்வத்தின் மீது அத்தகைய குடும்பச் சுமை வைக்கப்படவில்லை. ஆனால் பெண் என்றாலே எங்கும் பாதி என்பது தவறான பதிவு. இறந்தவருக்கு மகன் இருந்தால் அவருடைய தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று, சமமாக. தாய்வழியில் மட்டும் உடன்பிறந்த சகோதரனும் சகோதரியும் சமம் என்று 4:12 கூறுகிறது. ஒரு பெண் இறந்து, கணவரையும் ஒரே மகளையும் விட்டுச் சென்றால் கணவருக்குக் கால் பங்கு, மகளுக்கு அரைப் பங்கு. அங்கே மகள் தன் தந்தையைவிட இரு மடங்கு பெறுகிறாள்.

பாதி என்பதற்குச் செலவைக் காரணம் காட்டிவிட்டு, அந்தப் பாதியையும் விட்டுக்கொடு என்று அதே காரணத்தையே மறுபடியும் காட்டுவது எப்படிச் சரியாகும்? கணவன் செலவு செய்வான் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியாமலா எட்டில் ஒன்று என்று இந்தச் சகோதரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது? உங்கள் பெற்றோரிலும் பிள்ளைகளிலும் யார் உங்களுக்குப் பயனால் மிக நெருங்கியவர் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள் என்று 4:11 சொல்கிறது. நாம் அறியமாட்டோம் என்று அவன் சொன்ன இடத்தில் நாம் கணக்குப் போடுகிறோம்.

பெண்ணின் செல்வம் அவளுடையதே என்பதில் நபித்தோழர்களின் வீடுகளில் எவ்வளவு தெளிவு இருந்தது என்பதற்கு ஒரு காட்சியை என் மாணவிகளுக்கு எப்போதும் சொல்வேன். அப்துல்லாஹ் பின் மஸ்ஊதின் (ரலி) மனைவி ஸைனப், தம் பொருளைத் தம் கணவருக்கும் தம் பொறுப்பில் வளர்ந்த அநாதைகளுக்கும் செலவிட்டால் அது தர்மமாகுமா என்று கேட்க நபியவர்களின் வாசலுக்குச் சென்றார். அங்கே அதே கேள்வியோடு அன்ஸாரிப் பெண் ஒருவரும் நின்றார். நாங்கள் யார் என்று சொல்லாமல் கேட்டு வாருங்கள் என்று பிலாலை (ரலி) உள்ளே அனுப்பினார்கள். யார் அவர்கள் என்று நபியவர்கள் கேட்டபோது பிலால் "ஸைனப்" என்றார். எந்த ஸைனப் என்று கேட்கப்பட்டதும் சொல்லிவிட்டார். அவருக்கு இரண்டு கூலிகள் உண்டு, உறவைப் பேணிய கூலியும் தர்மத்தின் கூலியும் என்பது பதில். மனைவியின் பணம் கணவனின் பணம்தானே என்ற எண்ணம் அந்தச் சமூகத்தில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது. கூலி கிடைத்ததும், பொருள் அவர் கையில் இருந்து, அவர் தாமாகக் கொடுத்ததால்தான்.

பெண்ணின் இசைவைப் பற்றி இன்னொன்று. பரீரா என்ற அடிமைப் பெண் விடுதலை பெற்றதும், அடிமையாக இருந்த தம் கணவர் முகீஸைப் பிரிய விரும்பினார். முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு அவர் பின்னால் தெருத் தெருவாகச் சுற்றினார். மனமிரங்கிய நபியவர்கள், நீ அவரிடம் திரும்பக்கூடாதா என்று பரீராவிடம் கேட்டார்கள். அல்லாஹ்வின் தூதரே, எனக்குக் கட்டளையிடுகிறீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார். இல்லை, பரிந்துரைக்கிறேன் என்றார்கள். அப்படியென்றால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. விஷயம் அத்தோடு முடிந்தது. அவர் மீது சினமும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நபியவர்களின் பரிந்துரையையே மறுக்கும் இடம் ஒரு முன்னாள் அடிமைப் பெண்ணுக்கு இருந்தது என்றால், பென்சில் குறி போட்ட ஒரு பத்திரத்தை மறுக்கும் இடம் இந்தச் சகோதரிக்கு இல்லையா?

சகோதரி, கேட்பது ஒழுக்கக் குறைவு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நபித்தோழர்களில் மூத்தவர்கள் பாகப்பிரிவினைச் சட்டங்களை நபியவர்களின் மனைவி ஆயிஷாவிடம் (ரலி) கேட்பதைக் கண்டேன் என்று அடுத்த தலைமுறை அறிஞரான மஸ்ரூக் சொல்லியிருக்கிறார். இந்தக் கணக்கைப் பேசுவது பெண்ணுக்கு அழகன்று என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது, தமக்கு வாரிசாக ஒரே மகள்தான் இருக்கிறாள் என்று கூறி, சொத்தில் மூன்றில் இரண்டைத் தர்மமாகக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். கூடாது என்றார்கள் நபியவர்கள். பாதி? கூடாது. மூன்றில் ஒன்று? மூன்றில் ஒன்றே அதிகம். உம் வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது நல்லது என்றார்கள். அல்லாஹ்வின் பாதையில் கொடுப்பதற்கே ஒரு மகளை முன்னிட்டு எல்லை போடப்பட்டது.

உங்கள் உம்மாவோடு வாதம் செய்யாதீர்கள். அவர் அந்த அச்சத்தை எங்கிருந்தோ கற்றிருக்கிறார்; அவருடைய பாகம் அவருக்கு என்றேனும் கிடைத்ததா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி: இளைய மகள்

எல்லோருக்கும் ஜஸாக்குமுல்லாஹு கைரன். நடந்ததை எழுதுவது என் கடமை.

ஆசிரியை சொன்னபடி, அண்ணன்மாரிடம் பேசுவதற்கு முன் உம்மாவிடம் உட்கார்ந்தேன். உங்கள் வாப்பாவுடைய சொத்தில் உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தாமும் தம் தங்கையும் ஒரே நாளில் கையொப்பமிட்டதாகவும், அதற்குப் பின் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் போய்வந்ததாகவும் சொன்னார். வாசல் அடைத்துவிடக் கூடாது என்றுதான் உம்மா அன்று கையொப்பமிட்டிருக்கிறார்.

மஹரைப் பற்றிக் கேட்டபோது எழுந்து சென்று, அலமாரியில் துணிகளுக்கு அடியிலிருந்து தம் நிகாஹ் பதிவுத் தாளை எடுத்து வந்தார். "பின்னர் தரப்படும்" என்று அதில் இருந்தது. தரப்பட்டதா என்று கேட்டேன். "அவரிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்பது?" என்றார். நாற்பத்தொரு ஆண்டுகள் அவர் கேட்கவில்லை. பத்திரத்தில் உம்மாவுடைய பெயர் எந்த இடத்திலும் இல்லை என்பதையும் அப்போதுதான் இருவரும் சேர்ந்து படித்துப் பார்த்தோம்.

மாலையில் அண்ணன்மார் வந்தார்கள். நான் கையொப்பமிட இயலாது என்றும், முதலில் எட்டுப் பாகமாகப் பிரித்து என் பாகத்தை என்னிடம் ஒப்படையுங்கள், அதன்பிறகு அதில் எதைக் கொடுப்பது என்பதை நான் யோசிக்கிறேன் என்றும் சொன்னேன். குரல் நடுங்கியது. வியாபாரத்தில் அவர்களுக்கு வரவேண்டியது ஏதேனும் இருந்தால் முதலில் அதை எழுதிக் கழித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். சிறிய அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்து வெளியே சென்றுவிட்டார். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பெரிய அக்கா தாம் போட்ட கையொப்பத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் என் அருகில் வந்து அமர்ந்துகொண்டார்.

பெரிய அண்ணன் மட்டும் நெடுநேரம் அந்த நிகாஹ் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பத்திரத்தைத் திருப்பிப் போட்டு, குறி வைத்த அதே பென்சிலால் அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். முதல் வரியில் "உம்மாவின் மஹர்" என்று எழுதினார்.